முகத்தை மறைத்த கை

"அக்கா, உன்னைக் காட்டுறான்!" என்று டெல்ஃபினா கத்தியபோது எர்மெலிண்டா பால் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு வந்து தொலைக்காட்சி முன்னால் நின்றாள்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அதே படம். அப்போது அரெகிபா நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நாற்பது பிள்ளைகள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். கேமராவோடு ஓடிவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர்கள், அவள் கையால் முகத்தை மறைத்து நிற்பதைப் போட்டு, 'குற்ற உணர்ச்சியில் கூனிக் குறுகும் சமையல்காரி' என்றார்கள். கோளாறு தண்ணீர்த் தொட்டியில் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வேலை போய்விட்டது. அவதூறு வழக்குப் போட்டு, நான்கு வருடம் அலைந்து ஜெயித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தத் தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெண் மன்னிப்பைக் கடகடவென்று வாசித்தாள். அதைப் பார்த்தது இவளும் வக்கீலும்தான்.

இப்போது அந்த நிகழ்ச்சிக்குப் பதினைந்தாம் ஆண்டு விழாவாம். பழசையெல்லாம் தூசி தட்டிப் போடுகிறார்கள். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் சந்தையில், பாலும் பட்டையும் சேர்த்து உறையவைத்த பனிக்கூழோடு அவள் உட்கார்ந்திருந்தாள். வாரம் தவறாமல் வாங்குகிறவள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள்.

மத்தியானம் வக்கீல் ரென்டோனிடம் போனாள்.

"ஜெயிச்ச கேசுதானே ஐயா? அந்தத் தீர்ப்பைக் காட்டினா போதாதா?"

"அது பழைய ஒளிபரப்புக்கும்மா. இது புதுசு. தனியாத்தான் போடணும்."

"மறுபடியும் முதல்லேருந்தா?"

"முதல்லேருந்துதான்."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "கோர்ட்ல லிஃப்ட் போட்டாங்களா?"

"போட்டாங்க. ஓடலை."

வீட்டில் டெல்ஃபினா பிடித்துக்கொண்டாள். "விட்டுத் தொலைக்கா. போன தடவை ஜெயிச்சு என்னத்தைக் கண்டே?"

"விட்டா இருபதாவது ஆண்டு விழாவுக்கும் என்னைத்தான்டி போடுவான்."

பதினான்கு மாதம் ஓடியது. ஒரு வாய்தா வேலைநிறுத்தத்தில் போனது. ஒன்று நீதிபதி மாறியதில். இன்னொன்று எதிர்த்தரப்பு வக்கீலின் பல்வலியில். ஒவ்வொரு முறையும் கடையை மூடிவிட்டு, இருக்கிற ஒரே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு போய், மூன்று மாடி ஏறி இறங்கினாள்.

"பழைய காட்சியைத்தான் போட்டோம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "முகத்தை மறைத்தது அவரேதான். நாங்கள் இட்டுக்கட்டவில்லையே."

அன்று ரென்டோன் ஒரு சாட்சியை அழைத்தார். நரைத்த, குள்ளமான மனிதர். பெயர் வில்பர் அபாசா. தானாகவே ரென்டோனைத் தேடி வந்தவர்.

"அந்தப் படம் நான் பிடிச்சதுதாங்க. விளக்கு கண்ணைக் குத்துதுன்னாங்க இந்தம்மா. கையை வச்சு மறைச்சுக்கோங்க, இதோ சரி பண்றேன்னு நான்தான் சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தை வெட்டி எடுத்துப் போட்டுட்டாங்க."

"முதல் வழக்கில் ஏன் வந்து சொல்லவில்லை?" என்று நீதிபதி கேட்டார்.

"அப்ப அங்கதான் வேலை பார்த்தேன். ரெண்டு பசங்க படிச்சிட்டிருந்தாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "இந்தத் தடவை அதைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி, 'என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பொம்பளைக்கு'ன்னா. எனக்குச் சாப்பாடு இறங்கலை."

எர்மெலிண்டா அவரையே பார்த்தாள். கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வருவதற்குத் தெம்பில்லை.

வெளியே வந்ததும், "மன்னிச்சிருங்கம்மா" என்றார் அவர்.

"வந்தீங்களே, அது போதும். உட்காருங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு." பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், நடத்துகிறவரே மன்னிப்பை வாசிக்கவேண்டும். வேறு ஏதாவது வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

"என் மூஞ்சியை மட்டும் திரும்பக் காட்டவேணாம்னு எழுதுங்கய்யா."

அந்த ஞாயிற்றுக்கிழமை, 'எர்மெலிண்டா சோக்கே மாமானி நிரபராதி' என்று நிகழ்ச்சிக்காரர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். தண்ணீர்த் தொட்டியைச் சொன்னார். படம் எதுவும் காட்டவில்லை. டெல்ஃபினா ஓவென்று அழுது அக்காளைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி, "கேட்டேன், கேட்டேன்!" என்று கத்தினாள்.

இந்த நாள் வந்தால் தெருவில் இறங்கி ஆடவேண்டும் என்று ஒரு காலத்தில் எர்மெலிண்டா நினைத்திருந்தாள். "சத்தத்தைக் கொஞ்சம் குறைடி" என்றாள். விளம்பரம் முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.