சிவப்பு அட்டை மாட்டிய கதவு

கொழுந்தியாளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கால்நடை மருத்துவர் திருதிருவென்று முழிப்பார். நாய் ஆராய்ச்சி என்று சமாளிப்பார். "நாயை மட்டும் இல்ல மாமா, நாய்கிட்ட போற மனுஷனையும்தான்" என்று அவள் திருத்துவாள். நாய்க் காப்பகத்தில் எடுத்த வீடியோவை ஓடவிட்டு, நாய் தெரிகிற பாதித் திரையைத் துணியால் மூடிவிட்டு, ஆளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்கெல்லாம் ஒரு பட்டம் வேறு கொடுக்கிறார்களே என்று அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் "இப்ப உறுமும் பாருங்க" என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் உறுமும்.

காப்பகத்தில் கடிக்கிற நாயின் கதவில் சிவப்பு அட்டை, மற்றவற்றுக்கு வெள்ளை. முரடன் என்று பெயர் வாங்கிய பழுப்பு நாய் ஒரு பணியாளைக் கடித்துவிட்டது. வெறிநோய் இல்லை என்று உறுதியான பிறகும் மேலாளருக்குப் பயம் போகவில்லை. ஊசி போட்டுக் கதையை முடித்துவிடச் சொன்னார். மருத்துவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கொழுந்தியாள் மட்டும் மல்லுக்கு நின்றாள். "அது கடிச்சது வந்த அன்னிக்கு, கழுத்துல கயிறு போட்டு இழுத்தப்ப. அப்புறம் உறுமுறதெல்லாம் அட்டையாலதான்."

"ஓகோ, அட்டையை நாய் படிக்குதாக்கும்?"

"நீங்க படிக்கிறீங்களே மாமா. படிச்சுட்டு வெறைப்பா உள்ள போறீங்க. அது உங்களைப் படிக்குது."

மருத்துவர் ஊசி போட வந்த நாளில் அவள் வேறெதுவும் வாதாடவில்லை. "பக்கத்து அறையில மாப்பிள்ளைக்கு இருமல். முதல்ல அவனைப் பாத்துட்டு, அப்புறம் முரடனைப் பாருங்க" என்றாள். மாப்பிள்ளை என்கிற அந்த நாயும் பழுப்புதான். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் நிற்கும் பரம சாது. அந்த வரிசையில் பாதி நாய்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். எப்போதாவது வருகிற மருத்துவருக்கு அட்டைதான் அடையாளம்.

வெள்ளை அட்டைக் கதவைத் திறந்தார். "வாடா மாப்பிள்ளை" என்று தரையில் உட்கார்ந்தார். நாய் முகர்ந்து பார்த்தது, பிறகு அவர் மடியில் முழுப்பாரத்தையும் சாய்த்தது. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அடுத்து சிவப்பு அட்டை. உதட்டை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். மூலையில் ஒடுங்கிய நாய் பல்லைக் காட்டி உறுமியது. வந்த வேகத்தில் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"பாத்தியா? நாய் வாலை நிமிர்த்த முடியாது தாயே!" ஊசிப் பையை எடுக்கப் போனார். அவள் பையின்மேல் கை வைத்தாள்.

"அட்டையை மாத்தி மாட்டினது நான்தான். மேலாளர்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன். இப்ப உறுமினது மாப்பிள்ளை. உங்க மடியில சாஞ்சது முரடன்."

மருத்துவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைக் கடிச்சிருந்தா? உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"தப்புதான், திட்டுங்க. கதவுகிட்டயேதான் நின்னேன்."

"நீயே உள்ள போயிருக்கலாமே?"

"எனக்கு அது பொழைக்கணும்னு ஆசை மாமா. ஆசை இருக்கிறவ போனா அது சோதனை ஆகாது. கொல்லணும்னு வர்ற ஆளு போனாத்தான் எனக்கே நம்பிக்கை வரும்."

அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தன் ஆசையையே சந்தேகப்பட்டு ஒதுங்கி நிற்கிற ஆளை அவர் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.

"அப்ப முரடன் தப்பிச்சான்."

"அதுக்குள்ளயா? ஒரு தடவை நடந்தா தற்செயலாக்கூட இருக்கலாம். ஊசியைத் தள்ளி வைங்க. விஷயம் தெரியாத ஆளுங்க இன்னும் நிறைய பேர் உள்ள போகணும்."

மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "சரி, தெரிஞ்சவன் போனா?" என்று முரடனின் கதவைத் திறந்தார். சற்றுமுன் மடியில் கிடந்த அதே நாய்தான். காலை உள்ளே வைத்ததும் உறுமியது. தன் தோள் காதுவரை ஏறியிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மூச்சை விடுங்க மாமா" என்றாள் பின்னாலிருந்து.

விட்டார். உறுமல் நின்றது.