ஏணிக்குக் கீழே

பூட்டிக் கிடந்த வீட்டின் வாசற்படியில் அரிக்கேன் விளக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஷம்ஸியா சிம்னிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய தினத்தாளைச் சுருட்டிக் கண்ணாடிக்குள் விட்டுத் திருகி எடுப்பாள். கரி தாளுக்குப் பாதியும் விரலுக்குப் பாதியுமாக வரும். மத்தியானம் பெய்த மழை தெருவில் இன்னும் காயவில்லை. கல் பாவிய இடமெல்லாம் வழுவழுவென்று மின்னியது.

சேரன்மகாதேவியில் ஆற்றுக்கு இறங்குகிற அந்தப் பழைய தெருவில் பாதி வீடுகளில் ஆள் இல்லை. இருக்கிறவர்கள் வெள்ளி, சனி பொழுது சாய்ந்ததும் சன்னலைச் சாத்திக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அந்த இரண்டு நாட்களும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேமராக்களோடு ஆட்கள் வருவார்கள். அவர்களை அழைத்துவரும் சுற்றுலாக் கம்பெனி தெருவிளக்குகளை அணைக்கச் சொல்லி, கம்பத்துக்குக் கம்பம் அரிக்கேன் விளக்குகளைத் தொங்கவிடும். அந்த வெளிச்சத்தில் கைடு அவர்களை நடத்திக்கொண்டு போவான்.

விளக்குகளைத் தொங்கவிடுகிறவர் ஷம்ஸியாவின் கணவர் அசன் மைதீன். தெருவிளக்குப் பராமரிப்பில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். ஒப்பந்தக்காரர் மாறியபோது புதியவர் தன் ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு கிடைத்தது இந்த வேலைதான். ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது, வெளியாள் வேண்டாம் என்று மனைவியையே கூட்டிக்கொண்டு வந்தார். பீடி சுற்றிச் சுற்றி இருமல் கண்டிருந்த அவளுக்கும் அது ஒரு மாற்றமாக இருந்தது.

தெருமுனைக் கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவர் வந்தார். வெள்ளைப் பீங்கான், உள்ளங்கை நீளம். அது இல்லாவிட்டால் தெருவிளக்குக் கம்பியில் மின்சாரம் கிடையாது. மற்ற கம்பிகளில் எப்போதும் ஓடும். ஆனால் அவை கைக்கு எட்டாத உயரத்தில் போயின.

கம்பெனி கொடுத்த வெள்ளை வேட்டியையும் தலைப்பாகையையும் அவர் கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள் ஷம்ஸியா.

"நம்ம நிக்காவுக்கே நான் தலப்பா கட்டல. இந்த வயசுல கட்டுதேன் பாரு."

வழக்கமாக அவர் இடுப்பில் கட்டும் பச்சை வாரை வேட்டிக்குக் கட்டக்கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதனால் வாரின் பைக்குள் இருக்க வேண்டிய கட்டையை இங்கே அவளிடம் கொடுத்துவிடுவார். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அவர் மேலே நிற்கும் நேரமெல்லாம் அதன் கனம் இடுப்பில் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை அவளுக்கு மூச்சு சீராக வரும்.

சொரிமுத்து செத்தபோது கட்டை பெட்டியின் மேலேயே இருந்தது. அசன் மைதீனோடு கம்பம் ஏறியவர் அவர். கட்டையைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டு அடுத்த தெருவில் ஏறியிருந்தார். இருட்டாகக் கிடக்கிறதே என்று யாரோ எடுத்துச் செருகிவிட்டார்கள். செருகியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்று இரவு அசன் மைதீன் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஷம்ஸியா வாளியைப் பிடுங்கிய பிறகுதான் நிறுத்தினார்.

அவள் கட்டையை முடியப் போகும்போது கைடு காந்திமதிநாதன் வந்தான். உள்ளூர்க்காரன், டிகிரி முடித்தவன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"யக்கா, அந்தக் கட்டை இன்னைலருந்து என்கிட்ட இருக்கட்டும்."

ஷம்ஸியா கையை மூடிக்கொண்டாள். "எதுக்கு தம்பி?"

"போன வாரம் எல்லா விளக்கையும் அவுத்து இறக்கி, அதுக்கப்புறம் லைட்டு போட்டீங்க. தெருவுல எவனோ கவுன்சிலர்கிட்ட சொல்லிட்டான். கம்பெனில என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குதாவ. கெஸ்ட்டு போன அடுத்த நிமிசம் நானே போட்டுருதேன்."

"அவுக மேல நிக்கும்போது?"

"யக்கா, எனக்கு அறிவு இல்லையா? பாய் எறங்குனத கண்ணால பாத்துட்டுத்தான் போடுவேன். போதுமா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஏணியின் கயிற்றுக் கட்டுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல இறுக்கமான கட்டுகள்தான். ஆனாலும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவன் முகத்தைச் சுளித்தான் என்று வந்தவர்களில் ஒருவர் செல்போனில் எழுதிப் போட்டார். அடுத்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள்.

"குடுத்துரு புள்ள" என்றார்.

காந்திமதிநாதன் கட்டையைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான்.

வேன் வந்தது. கேமராக்களும் முக்காலிகளுமாக ஆட்கள் இறங்கினார்கள். வெள்ளிமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள்தான் அவர்களில் கெட்டிக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. மற்றவர்கள் அவளைக் கேட்டுக்கேட்டுத் தங்கள் கேமராக்களைத் திருகினார்கள். காந்திமதிநாதன் அவர்களிடம் வேறு குரலில் பேசினான். அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒருவர் மாலைதோறும் ஏணியோடு வந்து விளக்கேற்றுவார் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். அரிக்கேன் வெளிச்சத்தில் சுவர்களின் காரை உதிர்ந்த இடங்கள் மஞ்சளாகத் தெரிந்தன. யாரும் சத்தமாகப் பேசவில்லை. கேமராக்கள் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கடைசிக் கம்பம் தெருவின் வளைவைத் தாண்டி, ஆற்றுப்படிக்கு மேலே இருந்தது. அங்கேதான் விளக்கேற்றுகிறவரின் படம் எடுப்பார்கள். கம்பெனியின் விளம்பரத்தில் இருப்பதும் அந்தப் படம்தான். அங்கே நின்று பார்த்தால் தெருமுனையும் பெட்டியும் தெரியாது.

அசன் மைதீன் ஏறினார். ஷம்ஸியா ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்து, நெஞ்சை ஒரு படியில் சாய்த்துக்கொண்டாள். மூங்கில் ஈரமாக இருந்தது. அடியில் கல் வழுக்கியது. இடுப்பில் ஒன்றும் அழுத்தவில்லை. அவள் காந்திமதிநாதனின் பேண்ட் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது புடைத்துக்கொண்டிருந்தது. அவன் அங்கேயே நின்றான். படம் எடுத்து முடித்தார்கள். அசன் மைதீன் விளக்கோடு இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் அவள் ஏணியை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா யக்கா? சும்மா பயப்படுதீங்க" என்றான் காந்திமதிநாதன். அப்போது அவனுடைய போன் அடித்தது. "சொல்லுங்க சார்... வேனா?... ஆமா சார், சாக்கடை இருக்கு... சரி சார், ஒரு நிமிசந்தான, போறேன்." பேசிக்கொண்டே வளைவைத் தாண்டிப் போனான். அவனுடைய டார்ச் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து மறைந்தது.

வெள்ளிமுடி அம்மாள் கேமராவின் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணா, இன்னொரு தடவை ஏறுறீங்களா? கை ஆடிடுச்சு. லாங் எக்ஸ்போஷர் இல்லையா, கேமரா ரொம்ப நேரம் திறந்திருக்கும், கொஞ்சம் ஆடினாலும் போயிடும்."

அசன் மைதீன் சிரித்துத் தலையாட்டினார். விளக்கை எடுத்தார்.

"தம்பி வரட்டும்" என்றாள் ஷம்ஸியா மெதுவாக.

"ஒரு நிமிசத்துல வந்துருவான்."

"வரட்டும்ங்கேன்."

"அவங்க கேக்குதாவ புள்ள. மாட்டேன்னு எப்படிச் சொல்ல? பிடி."

ஏறிவிட்டார். அவள் பிடித்தாள். மேலே அவர் இடது கையால் கம்பத்தின் இரும்புக் கையைப் பற்றிக்கொண்டு, வலது கையிலிருந்த விளக்கைத் தெருவிளக்குக் கம்பியைத் தாண்டிக் கொண்டுபோனார். கொக்கி அந்தப் பக்கம் இருந்தது. கம்பி அவருடைய முழங்கைக்குக் கீழே போயிற்று. கட்டையைப் பிடுங்கிவிட்ட கம்பி என்பதால் சும்மா கொடிக்கயிறு மாதிரித்தான் அதைத் தாண்டுவார்.

"சூப்பர் அண்ணா. அப்படியே."

வளைவுக்கு அந்தப் பக்கம் வேனின் சத்தம் கேட்டது. முகப்பு விளக்குகள் எதிர்வீட்டுச் சுவரில் ஒருமுறை வீசிவிட்டுப் போயின. டிரைவர் ஹாரன் அடித்தான். வேன் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போவதை ஷம்ஸியா கேட்டாள். சாக்கடை. ஒரு நிமிசந்தான. வேன் திரும்புவதற்கு வெளிச்சம் கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் இறங்கியதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.



ஓட வேண்டும். ஓடினால் ஏணி வழுக்கிவிடும். ஏணி சரிந்தால் அவர் எதைப் பிடிப்பார்?

"எறங்குங்க!" என்றாள்.  மறுபடியும், "எறங்குங்க! தம்பீ, போடாதீங்க! தம்பீ!"

"ஷ்ஷ்" என்றார்கள் பின்னால் யாரோ. "ஆடியோவும் ரெக்கார்ட் ஆகுது."

அசன் மைதீன் குனிந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்து அவருக்கும் புரிந்தது. கையை மடக்கப் பார்த்தார். விளக்கின் வளையம் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது.

தெரு முழுவதும் ஒரே நொடியில் வெள்ளையாயிற்று.

காரை உதிர்ந்த சுவர்களும், மின்சார மீட்டர் பெட்டிகளும், யாரோ ஒட்டிய டியூஷன் நோட்டீசும், ஈரமான குப்பையும் ஒன்றாகத் தெரிந்தன. அரிக்கேன் விளக்குகள் எரிகின்றனவா என்றே சந்தேகமாக இருந்தது. அசன் மைதீன் அசையவில்லை. ஒரு கையில் இரும்பு. மறு கை கம்பிக்கு மேலே, நாலு விரல் இடைவெளியில். முழங்கையிலிருந்து வியர்வை ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. ஷம்ஸியா அதைத்தான் பார்த்தாள். அது விழாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது.

"ஐயோ, போச்சு!" என்றாள் வெள்ளிமுடி அம்மாள். "லைட்! யாரு லைட்டைப் போட்டது? ஷாட் போச்சு!"

"லைட் ஆஃப் பண்ணுங்க!" என்றார் இன்னொருவர். உடனே எல்லாரும் கத்தினார்கள். "ஹலோ! லைட்! லைட்டை ஆஃப் பண்ணுங்க!"

தெருமுனைவரை கேட்கிற சத்தம். "சாரி சார், சாரி மேடம்" என்று காந்திமதிநாதனின் குரல் தூரத்திலிருந்து வந்தது. தெரு மறுபடியும் இருண்டது.

ஷம்ஸியா ஏணியை விடவில்லை.  மேலே அவர் இன்னும் அப்படியே நின்றார். கை நீண்டபடி, தலை சற்றுக் குனிந்தபடி. இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை என்று பட்டது. இருட்டை அவர் நம்பவில்லை போலிருந்தது.

"வாவ்" என்றாள் அம்மாள், குரலை அடக்கி. "அண்ணா, அசையாதீங்க. இதான் வேணும். அப்படியே இருங்க."

அவர் அசையவில்லை. கேமராக்கள் திறந்துகொண்டன. ஆற்றில் தண்ணீர் கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை. ஷம்ஸியாவின் தோள்கள் உதறின. அடக்கப் பார்த்தாள். பல்லைக் கடித்தால் தாடை உதறியது. கேமராக்கள் மூடுவதற்கு வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

காந்திமதிநாதன் ஓடிவந்தான். ஏணியின் மேலே அவரைக் கண்டதும் நின்றுவிட்டான். கையில் கட்டை இருந்தது. 

"எறங்குனீங்களே பாய்" என்றான். "நான் பாத்தேனே."

 அசன் மைதீன் படிப்படியாக இறங்கி, தரைக்கு வந்ததும் கல்லிலேயே உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி அதில் கைகளைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஷம்ஸியா முந்தானையை விரித்து நீட்டினாள். காந்திமதிநாதன் அதைப் பார்த்தான். கட்டை இருந்த கை பாதிவரை வந்தது. அப்போது போன் மறுபடியும் அடித்தது. அவன் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தான். "இல்ல சார், ஒரு பிரச்சனையும் இல்ல. கெஸ்ட்டுங்க ஹேப்பி."

முக்காலியைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. வெள்ளிமுடி அம்மாள் திரையைத் திருப்பி, "அண்ணா, வந்து பாருங்களேன். எவ்வளவு ஷார்ப்பா இருக்கு. சிலை மாதிரி நின்னிருக்கீங்க" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஷம்ஸியாதான் போய்ப் பார்த்தாள்.

தலைப்பாகையின் மடிப்புகள் தெரிந்தன. நீண்ட கையின் நரம்புகள் தெரிந்தன. திரியின் சுடர் தெரிந்தது. கம்பி மெல்லிய கோடாகக் கைக்குக் கீழே போயிற்று. ஏணியின் அடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கியிருந்தது.

"கீழ என்ன அது, புகையா?" என்றார் ஒருவர்.

"ஏணியைப் பிடிச்சிருந்தாங்களே, அவங்க. ஆடிட்டாங்க" என்றாள் அம்மாள். "பரவாயில்ல, கட் பண்ணிடலாம்."

திரையின் கீழ்விளிம்பை விரலால் மேலே தள்ளினாள். சாம்பல் நிறம் போயிற்று. கல் தரையும் போயிற்று. இருட்டில் விளக்கை நீட்டிக்கொண்டு ஒரு மனிதர், அவருக்குக் கீழே ஒன்றுமில்லாத ஓர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார்.