தராசும் இடுப்பு மணியும்

என் மனைவி லாமிலே சண்டைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். இடுப்பு மணிச்சரம் விற்கும் ஷோர்மேயுடன் அவள் மோதப் போன அன்று நானும் கூடப் போனேன். மணிக்காரியைக் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டாமா?

சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, வயிற்றுக் கொழுப்பைக் குறைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாமிலே நடுங்கிப்போனாள். அவள் அம்மாவுக்கும் மாத்திரையில்தான் தொடங்கியது. கடைசியில் ஒரு காலையே எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து விடியுமுன் எங்கள் ஊர் டெஷி கடற்கரையில் நடந்தாள். தான் அவித்து விற்கும் புளித்த சோளமாவுக் கெங்கே உருண்டையில் பாதிதான் தின்றாள். லண்டனிலிருந்து அவள் தம்பி ஒரு தராசு அனுப்பினான். வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டுமாம். வந்தது வினை. காலையில் நாற்பத்தொன்று. குளித்த ஈரக்காலோடு ஏறினால் முப்பத்தெட்டு. வெயிலில் வேர்த்து வந்து நின்றால் நாற்பத்துமூன்று. எங்கள் தெருவில் லாட்டரி எண் கணித்துச் சொல்பவனே தேவலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நடந்ததெல்லாம் வீண் என்று நடையை நிறுத்திவிட்டாள்.

அதே வாரம் இன்னொரு எரிச்சல். ஈஸ்டருக்கு ஷோர்மேயிடம் ஜோடியாக வாங்கிய மணிச்சரங்களில் ஒன்றை உடைக்குள் இடுப்பில் கட்டியிருந்தாள். மற்றது ஹோமோவோ பண்டிகைக்கென்று பெட்டியில் இருந்தது. கட்டியிருந்தது வழுகி வழுகி இறங்கியது. புருஷன் மட்டும் பார்க்க வேண்டிய சங்கதி, சந்தையில் எல்லார் கண்ணிலும் பட்டுவிடும் போலிருந்தது. அவிழ்த்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"மட்டமான நூலைப் போட்டு ஏமாத்திட்டீங்கக்கா. நீண்டு தொங்குது பாருங்க."

இழுத்தாலும் நீளாத நூல் என்று ஷோர்மே சாதித்தாள். லாமிலே விடுவாளா? பெட்டியில் இருந்த ஜோடியையும் ஆதாரத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் கடைப் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். ஒரு மணி அளவுகூட வித்தியாசம் இல்லை. திருப்பி வைத்தாள், இழுத்துப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

"நூலு நீளலடி," என்றாள் ஷோர்மே. "நீதான் இளைச்சிருக்கே."

லாமிலே அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அந்த மணிகளுக்குத் தெரியாது. ஆனால் குளித்தாலும் வேர்த்தாலும் அவை பேச்சு மாறவில்லை.

ஷோர்மே சரத்தைச் சுருக்கிக் கட்டி, மிஞ்சிய மணிகளை அவள் உள்ளங்கையில் போட்டாள். மறுநாளே நடை மீண்டும் தொடங்கியது.

போன வாரம் டாக்டர், சர்க்கரை இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் லாமிலே என் தொந்தியைப் பார்த்தாள்.

"யோவ், அக்காகிட்ட வெறும் நூலு ஒண்ணு வாங்கி உனக்கும் கட்டிவிடப்போறேன்."

கட்டியும் விட்டாள். இப்போது விடியற்காலையில் நானும் அவள் பின்னால் மூச்சு வாங்க நடக்கிறேன். ஈர மணலில் எனக்கு முன்னால் அவளுடைய கால்தடங்கள் போகின்றன, இடது ஒன்று, வலது ஒன்று.