பரமேஸ்வரனின் மெத்தை

குப்பை கொட்டுகிறவர்களைக் கண்டாலே இசக்கிச்செல்விக்கு ஆகாது. குத்துக்கல்வலசையில் புது வீடுகள் முளைக்க முளைக்க, காலி மனைகளில் குப்பை மேடுகளும் முளைத்தன. அவற்றைக் கணக்கெடுத்து, போட்டோ பிடித்து, அள்ள வைப்பது பஞ்சாயத்தில் அவள் வேலை. கொட்டின மகராசனைப் பிடிக்க மேட்டைக் குச்சியால் கிளறுவாள். கூரியர் கவரோ கரண்ட் பில்லோ, ஏதாவது ஒன்றில் விலாசம் மாட்டாமலா போகும்?

அன்று வாய்க்கால் ஓரத்தில் ஒரு மெத்தை, தலையணை, இரண்டு லுங்கி. கூடவே பரமேஸ்வரன் என்று விலாசத்தோடு ஒரு ஸ்கேன் கவர்.

"நீங்க ஏத்திட்டு இருங்க காஜா அண்ணாச்சி. நோட்டீஸக் குடுத்து நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று டிராக்டர்காரரிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென நடந்தாள்.

கதவைத் திறந்தவள் அகிலாண்டேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும்.

"பரமேஸ்வரன் இருக்காரா?"

"அவுக தவறி பதினேழு நாளாச்சும்மா."

இசக்கிச்செல்விக்குச் சுருக்கென்றது. தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். செத்தவர் படுத்ததை வீட்டில் வைக்கக் கூடாதென்று, பதினாறு முடிந்த கையோடு கொழுந்தன்தான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாராம். எங்கே போட்டார் என்று அகிலாண்டேஸ்வரியிடம் சொல்லவில்லையாம்.

"இன்னும் அங்கனதான் கெடக்கா?" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "நானும் வாரேன். அன்னைக்கு அவுகளத் தூக்கிட்டுப் போகும்போது, பொம்பளைக வரக்கூடாதுன்னு தெரு முக்கோட என்னைய நிறுத்திட்டாக. கூடப் போக விடல."

மதியத்துக்குள் இன்னும் நாலு மேடு பார்க்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். இசக்கிச்செல்வி போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, அந்த மெத்தைய மட்டும் ஏத்திராதீக."

வாய்க்கால் ஓரத்துக்கு வந்து கையுறையை நீட்டியபோது அகிலாண்டேஸ்வரி வாங்கவில்லை. தலையணையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள். மூன்று பேருமாக மெத்தையைத் தூக்கி ஏற்றினார்கள். நோட்டீஸைக் கொழுந்தன் பேருக்கு எழுதிக்கொள்ளலாம் என்று இசக்கிச்செல்வி பைக்குள் திணித்தாள்.

எப்போதும் பறக்கிற காஜா, அன்று ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள் அகிலாண்டேஸ்வரி, பக்கத்தில் இசக்கிச்செல்வி. மெயின் ரோட்டுத் திருப்பத்தில் நின்றுவிடுவாள் என்று இசக்கிச்செல்வி நினைத்தாள். அவள் நிற்கவில்லை.

"குப்பைக் கெடங்கு எம்புட்டு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்மா."

"நடந்திரலாம்" என்றாள் அகிலாண்டேஸ்வரி.