பாறை நுனியில் ஒரு சிவப்பு ஜாக்கெட்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு, தன் கணவர் ஒரு காப்பீட்டு அலுவலக மேலாளர் என்பதே மறந்துவிடும்போல இருந்தது. மலையேறப் போனதிலிருந்து முகநூலில் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். எல்லாவற்றிலும் சிவப்பு ஜாக்கெட்டோடு பாறை நுனியில் முதுகைக் காட்டி நின்றார். கையெழுத்துக்கு வந்த கோப்பைப் பார்ப்பதுபோலப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கீழே ஒரு வரி: 'நானும் மலையும். வேறு யாரும் இல்லை.' அலுவலகத்தில் அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கும்பிடு போட்டிருந்தார்கள்.

கடையில் கூட்டமில்லாத மதியத்தில், கழன்ற கண்ணாடிக் காலோடு அக்கா வந்தாள். இவள் திருகாணியை முடுக்க, அக்கா தங்கையின் போனைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"ஏன்டி, வேற யாரும் இல்லைங்கிறாரே உன் வீட்டுச் சாமியார். அப்ப இதை எடுத்தது யாரு?"

"ஸ்டாண்டுல கேமராவை வச்சு டைமர்ல எடுத்திருப்பாருக்கா."

"ஸ்டாண்டுதான் ஓரத்துல கிடக்கே, உறையைக்கூட அவுக்காம."

திருகாணி கைநழுவி எங்கேயோ உருண்டது. அவள் குனிந்து தேடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இவள் எடுக்கும் படங்களில் அவருக்கு முன்னால் தொப்பை வந்து நிற்கும். இதில் முதுகைக் காட்ட வைத்ததில் அது இருந்த சுவடே இல்லை. யாரோ பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

அக்கா சும்மா இருப்பாளா? அதே மலையின் பெயரைத் தட்டித் தேடினாள். அதே பாறை வந்தது. அதன்மேல் ஒரு பெண். அவள் விரல்களையும் தாண்டித் தொங்கும் கைப்பகுதியோடு அதே சிவப்பு ஜாக்கெட். சிவப்பு நூல் கிடைக்காமல் முழங்கையில் இவள் கறுப்பு நூலால் போட்ட தையலும் தெரிந்தது.

"போடுடி போனை. ஸ்பீக்கர்ல போடு."

"சொல்லும்மா" என்றார் அவர். "இங்க ஒரே அமைதி."

"உங்க ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறவ யாரு?"

அவள் இதுவரை கேட்டிராத ஒரு கனத்த குரல் வந்தது. "சில விஷயங்களை இப்பக் கேக்காதே. வந்து சொல்றேன்."

"அப்ப ஒருத்தி இருக்கா?"

"நான் இல்லைன்னு சொல்லலையே."

அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்ச்சுவரில் கண் பரிசோதனை எழுத்துகள் பெரியது சிறியது இல்லாமல் கலங்கின. வாயைப் பொத்தியும் அழுகை வெளியே வந்துவிட்டது.

அப்போது போனுக்குள் ஒரு விசில் சத்தம்.

"அண்ணே, போன் அப்புறம்! ஜாக்கெட்டைக் கழட்டுங்க! பஸ் கிளம்புறதுக்குள்ள இன்னும் பாதிப்பேர் தனியா நின்னாகணும்!"

"எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா" என்றது ஒரு வயதான குரல். "என் தனிமையில உங்க தலை விழுது."

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுலயா போயிருக்கீங்க?"

"சத்தமாப் பேசாதே" என்று கிசுகிசுத்தார். "டூர் குரூப்தான். ஆபீஸ்ல தனியாப் போறேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். சிவப்பு படத்துல எடுப்பா விழுதுன்னு ஆளாளுக்கு வாங்கி மாட்டிக்கிறாங்க. நீ பாத்த அந்தம்மாவோட வீட்டுக்காரர்தான் எல்லாரையும் படம் எடுக்கிறாரு. ஆமா, உங்க அக்கா பக்கத்துல இல்லையே?"

அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் பாதியில் நின்றது. பஸ்ஸில் போனது தெரிவதைவிட, ஒரு பெண்ணோடு போனதாக இவள் நினைப்பதே மேல் என்று இருந்திருக்கிறார் மனிதர்.

"நான் அழுதது கேட்டுச்சா?"

"...கேட்டுச்சு."

"கேட்டும் பேசாம இருந்தீங்க."

பஸ்ஸின் ஹாரன்தான் நீளமாக வந்தது.

"எல்லாரும் ஏறுறாங்க... வச்சிடட்டுமா?"

"போய் ஏறுங்க" என்றாள் அவள். "விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா அங்க தனியா மாட்டிக்குவீங்க."