போன வாரத்து ஸ்விங்

பதினோரு வருடமாகச் சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் வானொலியில் ஸ்விங் ஜாஸ் போடுகிறேன். பதினைந்து பேர் சேர்ந்து ஊதி, காலைத் தரையில் சும்மா வைத்திருக்க விடாத நடன இசை. நிலையத்தில் என்னை 'ஸ்விங் சார்' என்பார்கள். மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். அது கிண்டல் என்று என் மரமண்டையில் ஏற ஆறு வருடம் ஆனது.

புதிதாக வந்த இயக்குநருக்கு என் ஒரு மணி நேரத்தின் மேல் கண்.

"யாரு சார் இதைக் கேக்குறாங்க?"

"கேக்குறவங்க கேக்குறாங்க."

"சரி, பாத்துடலாம். இந்த வாரம் போன வாரப் பதிவையே திருப்பிப் போடுவோம். முடியறதுக்குள்ள ஒரே ஒரு ஆள் போன் பண்ணி, 'இது போன வாரம் போட்டதாச்சே'ன்னு கேட்டாக்கூட நிகழ்ச்சி இருக்கும். இல்லேன்னா சமையல் குறிப்பு. யார்கிட்டயும் முன்னாடியே மூச்சு விடக் கூடாது."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த ஒரு ஆள் என் அண்ணன். ஒரு காலத்தில் ஓட்டல் நடனக் குழுவில் கிளாரினெட் வாசித்தவன். வெள்ளிதோறும் பாட்டுப் பட்டியலைப் போனில் அவனுக்குப் படித்துக் காட்டி, வரிசை சரியா என்று கேட்பேன். மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் அவனே கூப்பிடுவான். "மூணாவது பாட்டு தூள்டா! அந்த டிரம்பெட்காரன் பின்னிட்டான்." அந்த ஒரு போனை வைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன். இந்த வெள்ளி மட்டும் ஏதோ சாக்குச் சொல்லிப் பட்டியலைப் படிக்கவில்லை.

என் நிகழ்ச்சியை ஒருவர் கேட்பதை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. அந்த நேரத்தில் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் இருப்பேன். இன்று பதிவு தானாக ஓடுகிறது. அண்ணன் கொதிப்பதை நேரில் பார்க்கும் ஆசையில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கதவைத் திறந்தார். கூடத்தில் அண்ணன் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி தொடங்கி அரை மணி ஆகியும் வீடு அமைதியாக இருந்தது.

"ரேடியோ எங்க அண்ணி?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். "அது ரிப்பேராகி மூணு வருஷமாச்சு தம்பி. உங்க அண்ணன்தான் சரிபண்ண வேணாம்னுட்டார்."

அண்ணன் பேனாவை மூடினான். "கேட்டா வாசிக்கணும்போல இருக்குடா. ரெண்டு வரி ஊதுறதுக்குள்ள மூச்சு வாங்குது. நீ வெள்ளிக்கிழமை ஆசை ஆசையா பட்டியல் சொல்லுவ. அதையே மறுநாள் உனக்குத் திருப்பிச் சொன்னேன். உன் மனசை நோகடிக்க முடியல."

வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் முடியவில்லை. மூன்று வருடம், நூற்றைம்பது சனிக்கிழமை, சுவரோடு பேசியிருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்து இயக்குநர் வைத்த சோதனையைச் சொன்னேன்.

"இவ்ளோதானா? இரு," என்று அண்ணன் துள்ளி எழுந்து நிலையத்துக்குப் போன் போட்டான்.

"ஹலோ! போன வாரம் போட்டதையே போடுறீங்களே, கேக்குறவன் என்ன கேனயனா?" குரலில் பழைய மேடைத் திமிர்.

மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. "சார், நீங்கதான் முதல் ஆள்! ரொம்ப சந்தோஷம். இயக்குநர் எழுதி வைக்கச் சொல்லியிருக்கார். இப்ப எந்தப் பாட்டு சார் ஓடுது?"

அண்ணன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டான். "டேய், இப்ப எதுடா ஓடுது?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு நாற்பத்திரண்டு. எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். கிளாரினெட் தனியாக எழும் வினாடிகூடத் தெரியும். ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

"சீக்கிரம் சொல்லுடா!"

"வெச்சிடுண்ணே," என்றேன். "யாரும் கேக்கல."