வழிவிட்டு நின்றவர்கள்

வானத்திலிருந்து யாரோ கைதவறிக் கொட்டிப் பின்னர்ப் பொறுக்க மறந்தாற்போல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேலொன்றாய் அமர்ந்த குன்றுகளும், கேழ்வரகு அறுத்தெடுத்த தாள்கள் காலைக் குத்தும் மேட்டு நிலங்களும், பூத்துக் குலுங்கி வண்டினத்தை வருந்தி அழைக்கும் மாந்தோப்புகளும் மாறிமாறி விரிய, அவற்றினிடையே ஓசூரிலிருந்து கெலமங்கலம் செல்லும் செம்மண் பாதை வெயிலுக்கு அஞ்சிய பாம்பென நெளிந்து புளியமர நிழல்களைத் தேடித்தேடி ஓடும் அந்நாட்டில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டின் பங்குனி முற்பகல் ஒன்றில், பன்னிரண்டு கிறித்தவக் குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூரொன்றின் கோடியிலே, கூரை தாழ்ந்த ஒரு குடிசையின் வாயிலில் இருபத்தேழு பேர் நின்றுகொண்டிருந்தனர். ஒருவரும் உள்ளே போகவில்லை. கற்றறிந்தோரே, அவர்கள் நின்ற காரணத்தைச் சொல்லுமுன் அவர்கள் எத்துணைப் பண்புடையோர் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் அவர்களைக் கோழைகள் என்று பிழையாக எண்ணிவிடுவீர்கள். சரியாக எண்ணுவதற்கு இன்னும் சிறிது பொழுது இருக்கிறது.

ஈராண்டுகளுக்கு முன் அத்திருக்கூட்டத்தாரிடம் பண்பென்பது மருந்துக்கும் இல்லை. முன்பாயில் அமர்பவர் யார், திருவிருந்தில் அப்பம் முதலில் பெறுபவர் யார் என்னும் வழக்குகள் வழிபாட்டுக் கூடத்திலேயே தலைப்பாகைகளைப் பறக்கவிட்டன. அது பொறாத உபதேசியார் சத்தியநேசன், உடல் ஒல்லியும் குரல் பருமனும் ஆனவர், ஆறு ஞாயிறுகள் தொடர்ந்து ஒரே பொருளைப் பற்றி உரையாற்றினார்: தன்னினும் பிறனை மேலாக எண்ணுக, உடன்பிறந்தானுக்கு முன்னே அடி வையாதே என்று. விதை முளைத்தது, முளைத்ததோடு நில்லாமல் கூரையையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. அன்றுமுதல் ஞாயிறுதோறும் மூப்பர் கரியப்பன் திம்மப்பனுக்கு வழிவிட, திம்மப்பன் அதைத் தமிழில் மறுத்துத் தெலுங்கில் திருப்பிக் கன்னடத்தில் முடித்து அடுத்தவருக்கு வழிவிட, இருபத்தேழு பேரும் வாயிற்படியில் கைகூப்பி நிற்பதிலேயே வெயில் உச்சிக்கு ஏறிவிடும். இதனை எழுதும் அடியேன் அவ்வரிசையில் பதினேழாமவன். பதினெட்டாமவருக்கு ஒருமுறையேனும் வழிவிடத் தவறியதில்லை.

இம்மரியாதை எட்டாதவள் ஒருத்தி மட்டுமே. கணவனை இழந்த மாரம்மா, விடியுமுன் வந்து கூடத்தைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பாய் விரித்து, விளக்கேற்றி, நாங்கள் வருமுன்னரே உள்ளே மூலையில் துடைப்பத்தோடு அமர்ந்திருப்பாள். உள்ளே இருப்பவளுக்கு எவ்வாறு வழிவிடுவது? ஆகவே விடவில்லை. அது குறையென்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவ்வாண்டு மாசியில் பெரியம்மை வந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் வீடுகள் பூட்டியபடி நிற்கின்றன என்றும், பிணமெடுக்க ஆளின்றி வண்டியோடு மாட்டையும் விட்டுவிட்டு ஓடினர் என்றும் வந்த செய்திகள், ஒவ்வொன்றும் முந்தியதினும் கொடியனவாய், அந்தி தோறும் எங்கள் அடுப்படிவரை வந்து அமர்ந்தன. அம்மை குத்தும் அரசு அலுவலர் ஒருநாள் ஊசிப்பெட்டியுடன் புளியமரத்தடியில் வந்திறங்கினார். ஊசிக்கு அஞ்சிய நாங்கள் அவரிடமும் பண்பையே காட்டினோம். ஒவ்வொருவரும் அடுத்தவரை முன்னே அனுப்பி, அனுப்பப்பட்டவர் மற்றொருவரை அனுப்பி, பொழுது சாயும்வரை ஒரு கையும் நீளாமற் போகவே, அவர் தலையிலடித்துக்கொண்டு வண்டியேறினார். அன்று மிக நயமாகத் தப்பினோம் என்று சிரித்தோம். பத்தொன்பதாம் நாள் மாரம்மாவின் முகத்தில் முத்துகள் எழுந்தன.

ஆதலால் அந்தக் குடிசை வாயிலில் நின்றோம். உள்ளிருந்து வந்த வாடை, அழுகிய பழமும் பழந்துணியும் சேர்ந்தாற்போன்றது, எங்கள் மூக்கைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் ஓரடி பின்வாங்கிற்று. அவளுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். முந்திய மாலை முதல் தண்ணீர் கொடுத்தார் இல்லை. நீர் நிறைந்த குடம் ஒன்று எங்கள் நடுவே, எவரும் தொடாத விருந்தாளியைப்போல், தனித்து இருந்தது. கரியப்பனின் தமையன் இளமையில் இந்நோயாலேயே வாழையிலையில் கிடந்து மாண்டவன். அந்த இலையின் நிறம் மூப்பரின் முகத்தில் இப்போது படர்ந்திருந்தது. உபதேசியாரின் மனைவி எட்டுத் திங்கள் கருவுற்றிருந்தாள். அவர் உதடுகள் இறைவனை வேண்டினவோ வெறுமனே நடுங்கினவோ, அறியோம்.

"மூப்பரே, வயசுல பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் முந்திக்கறது நல்லா இருக்காதுங்க" என்றார் உபதேசியார்.

"வேத வார்த்த சொல்றவங்க நீங்க. உங்க காலுக்குப் பின்னாடிதானுங்க எங்க காலு" என்று மூப்பர் பணிவுடன் இரண்டடி பின்னே சென்றார்.

திம்மப்பன் மும்மொழியிலும் தன் தகுதியின்மையை எடுத்துரைத்தான். யானும் பதினெட்டாமவரை நோக்கிக் கைகூப்பினேன்.

கரியப்பனின் மனைவி வெள்ளையம்மா, நாவில் ஊசி வைத்திருப்பவள் என்று பெயரெடுத்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "கல்யாணப் பந்தியில இத்தன மருவாதிய நான் பாக்கலியே" என்றாள். சொன்னாளேயன்றி அவளும் அசையவில்லை.

அப்பொழுது உள்ளிருந்து, காய்ந்த ஓலை உரசினாற்போல் ஒரு குரல் வந்தது.

"எனக்காவ சங்கடப்படாதீங்க சாமி. யாரும் உள்ள வரவேணாம். சட்டிய நானே வாசலுக்குத் தள்ளிட்றன். எட்டவே நின்னு ஊத்திட்டுப் போயிடுங்க."

பின்னர் மண்சட்டி தரையில் இழுபடும் ஓசை கேட்டது. நின்றது. மீண்டும் இழுபட்டது. நோயுற்றுக் கிடந்தவள், எங்களுக்குத் தொல்லை நேராதிருக்கத் தன் உடலையும் சட்டியையும் மாறிமாறி நகர்த்திக்கொண்டு வருகிறாள் என்பதை அவ்வோசை, சுவருக்கு இப்பால் நின்ற ஐம்பத்து நான்கு செவிகளுக்கும், ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லிற்று. மூன்றாம்முறை நின்ற ஓசை பின்பு எழவேயில்லை.

உபதேசியார் குடத்தைத் தூக்கினார். நெஞ்சுரம் பெற்றுத் தூக்கினார் என்று எழுத ஆசைதான். ஆயின் யாரேனும் தடுப்பார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒருவரும் தடுக்கவில்லை, அத்துணைப் பண்பு எங்களுக்கு. குனிய மறந்து தாழ்வாரத்தில் தலையை முட்டிக்கொண்டு, முனகியவாறே இருளுக்குள் புகுந்தார்.

வாயிலுக்கு ஒருமுழம் உட்புறம் அவள் குப்புறக் கிடந்தாள். காலடி கேட்டதும், தன் மூச்சு அவர்மேல் படாதிருக்கச் சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எட்டப் போங்கையா. வீட்டுல அம்மா மாசமா இருக்காங்க."

அவர் அவள் தலையைத் தாங்கி, துணியை விலக்கி, புண்பட்ட உதடுகளில் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நெடும்பொழுது கழித்து அவள் கேட்டாள்: "பயமா இருக்குதுங்களா?"

"இருக்குது மாரம்மா. கை நடுங்குது பாரு."

"எனக்குந்தாங்க. நேத்து சாயங்காலத்துலருந்து தனியாவே பயந்துக்கிட்டு இருந்தன்."

இச்சொற்கள் வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டன. வெள்ளையம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். யாரிடமும் ஒன்றும் கேளாமல், யாருக்கும் வழிவிடாமல், உள்ளே போனாள். அதன்பின் உபதேசியார் மூன்று கிழமை வீடு திரும்பாமல் அக்குடிசையின் பின்புறமே தங்கினார். அவர் மனைவிக்கு எங்கள் கூட்டத்து மங்கம்மா துணையிருந்தாள். திம்மப்பன் நாள்தோறும் வேப்பிலை ஒடித்து வந்தான். அந்த இலையை நாம் தொடலாமா என்று அவன் ஐயுற்றபோது, மரம் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை என்று உபதேசியார் தீர்ப்புரைத்தார். எவர் அச்சமும் குறையவில்லை. ஒவ்வொரு காலையும் எங்கள் கைகளையும் மார்பையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே பணிக்குச் சென்றோம்.

மாரம்மா பிழைத்தாள், இடக்கண் மட்டும் போயிற்று. குடிசைக்குள் புகுந்த பதினான்காம் நாள் வெள்ளையம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாங்கள் அஞ்சியது வெறும் நிழலுக்கன்று என்பதை அன்று அறிந்தோம். எழுந்து நடக்கவும் வலுவற்ற மாரம்மா, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவள் தலைமாட்டில் அமர்ந்து ஈயோட்டினாள். தமையனைச் சாகவிட்டு ஓடியவன் என்று தன்னையே வைதுகொண்டு கரியப்பன், மனைவியின் காலடியில் கிடந்தார். நீர் கொண்டு செல்லும் முறை எனக்கு வந்தது. எனக்குப் பின்னே நின்ற எவரையும் யான் திரும்பிப் பாராதது, வாழ்நாளில் அது ஒருமுறைதான். குடத்தை ஏந்திய கைகள் நடுங்க, வழிநெடுக நீர் தளும்பி என் காலை நனைத்தது.

வெள்ளையம்மா வீங்கிய இமைகளினிடையே என்னைப் பார்த்தாள். "பாதிய தரைக்கே ஊத்திட்டியேப்பா" என்றாள். "மிச்சத்தக் குடு."

அவள் மறுநாள் மாலை மாண்டாள். அச்சம் நீங்கியபின் பிறர்க்கு உதவுவோம் என்று காத்திருப்போர், அச்சம் ஒருநாளும் நீங்காமையால், கைகூப்பி நின்றவாறே முதுமையெய்துவர். நடுங்கும் கைகளோ பாதியைச் சிந்தும். எஞ்சிய பாதியை அவள் முழுதும் குடித்தாள்.